பெட்டிப் படத்து அப்பா

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே மழை. அங்கன்வாடிக்கு நான்கே பிள்ளைகள். உப்புமா மிச்சம். ஹெல்பர் வரவில்லை, பாத்திரமும் என் தலையில்.

சாயங்காலம் அப்பா படம். ஐந்தாவது பலகை. மூக்கு வரை சரியாகத்தான் வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. போட்டேன், துடைத்தேன், போட்டேன், துடைத்தேன். கடைசியில் கண் இருக்க வேண்டிய இடம் சாணி மெழுகியதுபோல் ஆகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கே ஏற்கெனவே நான்கு அப்பாக்கள் படுத்திருக்கிறார்கள்.

எனக்கு எரிச்சல். ஊரார் வீட்டுக்கெல்லாம் வரைந்து கொடுத்தவள் நான். இந்தத் தேயிலை எஸ்டேட் டிவிஷனில் அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கிறவனுக்குப் போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. செத்த பிறகுதான் மூணாறிலிருந்து போட்டோக்காரர் வருவார். சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிப் பிடிப்பார்கள், குடும்பம் சுற்றி நிற்கும், ஒரே ஒரு படம். பெட்டிப் படம். அதைக் கொண்டுவந்து, “டீச்சர், கண்ண மட்டும் தொறந்து வரைஞ்சு குடுங்க” என்பார்கள். கல்யாணத்துக்கு முன் ஸ்டூடியோவில் போட்டோவைத் திருத்தும் டச்சிங் வேலை பார்த்த கை, செய்து கொடுப்பேன். பதினோரு பேருக்குக் கண் திறந்தாயிற்று. பெற்ற அப்பாவுக்குத் திறக்க முடியவில்லை.

எனக்கு மூன்று வயதில் அப்பா போய்விட்டார். நிமோனியா. முகம் ஞாபகமில்லை. இருப்பது பெட்டிப் படம் ஒன்றுதான். அதில் நான் அக்கா இடுப்பில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எழுதி வைத்தாலாவது புத்தி வருகிறதா பார்ப்போம். கெட்ட பலகைகள்:

ப.1: அம்மா பார்த்ததும், “இது நீதான்ட்டி.” அப்பா சாயல் எனக்கு இருக்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன். முட்டாள்.

ப.2: அக்காதான் அப்பா மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். அக்கா கண்ணைப் போட்டேன். அம்மா: “ரோஸ்லின் மீசை வச்சாப்புல இருக்கு.”

ப.3: முகம் தட்டு மாதிரி அகலம். படுத்திருக்கிறவனுக்குக் கன்னச் சதை காதுப்பக்கம் ஓடிவிடும். அதை அப்படியே நிமிர்த்தி வரைந்திருக்கிறேன். நிமிர்ந்தவனுக்குச் சதை கீழே இறங்க வேண்டும். இத்தனை வருஷம் வரைந்தும் இது இப்போதுதான் புரிகிறது.

ப.4: மூக்கில் பஞ்சு வைத்திருந்ததை மறந்துவிட்டேன். வீங்கின மூக்கையே வரைந்துவிட்டேன்.

ப.5: மேலே சொன்னபடி.

அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, ராத்திரி எட்டுக்கு. போட்டாயிற்று.

ஜூன் 14, சனி

மழை விட்டு வெயில் கொஞ்ச நேரம். கம்பளி எல்லாம் வெளியே போட்டேன், உடனே தூறல், எல்லாம் உள்ளே.

போடியிலிருந்து அக்கா போன். புது வீடு மந்திரிப்பு, சாமியார் வந்து வீட்டை ஆசீர்வதிப்பது, ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் அன்று. ஹாலில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் அப்பா படம் வேண்டுமாம். “நீ இன்னும் வரைஞ்சு முடிக்கல. அதான் சேவியர்ட்ட சொன்னேன், போன்லயே செஞ்சுட்டான் பாரு” என்றாள். சேவியர் அவள் மகன், பெங்களூரில் வேலை.

வீடியோ அனுப்பியிருந்தாள். பெட்டிப் படத்து அப்பா கண் திறக்கிறார். சிமிட்டுகிறார். தலையை லேசாகச் சாய்த்துச் சிரிக்கிறார். பல்லெல்லாம் பளபள. பார்த்ததும் அழுதுவிட்டேன், பொய் சொல்வானேன். இரண்டாம் தடவை பார்த்தபோது கோபம் வந்தது. எந்தத் தேயிலைத் தொழிலாளிக்கு அந்தக் காலத்தில் இப்படிப் பல்வரிசை இருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். போனை மூக்குக்கு நேரே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தாள்.

“யாரு இது? நல்லாருக்காரே. யாருக்காச்சும் மாப்பிள பாக்குறாகளா?”

“அப்பாம்மா.”

“போட்டீ.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “நீ வரைஞ்சு தா. எனக்கு வெளிச்சம் இருக்கையிலயே ஒருக்கா அவுகளப் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

அம்மாவுக்கு இடது கண் போய் இரண்டு வருஷம். வலதில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிகிறது. கண்ணில் அழுத்தம், நரம்பு கெட்டுவிட்டது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் காப்பாற்றலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாங்க வேண்டியவை: வெள்ளைச் சாயம், டர்பன்டைன், ஆணி. குளியல் சோப்பு.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து பாக்கியம் மதினி வீட்டுக்குப் போனேன். எங்கள் லயத்து வரிசையிலேயே கடைசி வீடு. அவளுடைய மாமனார் படமும், அவளுடைய அம்மா படமும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் நான் வரைந்தவை. சட்டமெல்லாம் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறாள்.

பால் விடாத கட்டன் சாயா கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “இவுக ரெண்டு பேரும் ஒறவு கூட கெடையாது. ஆனா ஒரே மொறையாட்டுல்லா மொறைக்காக. பிள்ளைக சேட்ட பண்ணுனா நீ பாப்பியே, அதே மொற.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன்.

என் கண்கள். இரண்டு படத்திலும். இமையின் ஓரச் சரிவு, வலது புருவம் ஒரு நூல் மேலே நிற்பது, எல்லாம் என்னுடையது. கண் வரையும்போது எதிரில் கண்ணாடி வைத்துக்கொள்வது என் பழக்கம். கண் எப்படித் திறக்கிறது என்று பார்க்கத்தான் வைத்தேன். அதையே வரைந்திருக்கிறேன்.

“ஏன் மதினி எங்கிட்ட சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? மாமா கண்ணு எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருந்தாத்தானே. தொறந்திருந்துச்சு. அது போதும்னு மாட்டியாச்சு.”

வீட்டுக்கு வந்து ப.1 எடுத்துப் பார்த்தேன். அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 25, புதன்

பிள்ளைகளின் எடை பார்க்கும் சாக்கில் லயம் லயமாகப் போனேன். மேல் டிவிஷன் வரை. எடைத் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தேன். ஏழு வீடு. எல்லாவற்றிலும் நான். மீசை வைத்த நான், கிழவியான நான், தலைப்பாகை கட்டிய நான். ஒரு வீட்டில் தாத்தா படத்தை மறைத்துக் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். “தாத்தா ரொம்ப உத்துப் பாக்காரு டீச்சர், பிள்ள பயப்படுது” என்றாள் அந்த வீட்டு மருமகள். அவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது.

இந்தப் படங்களுக்கு முன்னால் இத்தனை வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்து. நினைக்கவே கூசுகிறது. திருப்பி வாங்கித் திருத்தலாம் என்றால், எந்தக் கண்ணை வைத்துத் திருத்த? யாருக்கும் ஞாபகமில்லை.

கண்ணாடியை எடுத்துக் குளிக்கிற இடத்தில் மாட்டிவிட்டேன். இனி வரையும்போது கண்ணாடி கூடாது.

சூப்பர்வைசர் மீட்டிங் வெள்ளிக்கிழமை. ரெஜிஸ்டர் பாக்கி.

ஜூலை 3, வியாழன்

ப.6. கெட்டது. இதுதான் எல்லாவற்றிலும் மோசமான புத்திகெட்டதனம், எழுதி வைக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் மங்கல், அதனால் பெரிதாக வரைந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் டிராக்டர் ஷெட்டிலிருந்து ஒரு முழுப் பிளைவுட் கொண்டுவந்து தந்தார். “கோயில் திருநாளுக்கு கட்அவுட் வைக்கப் போறியா” என்று கேலி வேறு. ஒரு வாரம். அப்பா முகம் மட்டுமே இரண்டு முழம்.

அம்மாவை முன்னால் உட்காரவைத்தேன். பார்த்தாள். தலையை மேலே கீழே, இடம் வலம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“மூக்கு தெரியுது. மீச தெரியுது. இங்க என்ன, காதா? ஒண்ணொண்ணாத் தெரியுதுட்டி. சேத்து ஆளப் பாக்க முடியல.”

குழாய் வழியாகப் பார்க்கிறவளுக்கு யானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். டாக்டர் படம் போட்டெல்லாம் காட்டினாரே. தலையை ஆட்டிவிட்டுத்தானே வந்தேன். உள்ளங்கை அளவில் வரைந்து, அதை அவள் கை நீட்டிப் பிடித்துக்கொண்டால் குழாய்க்குள் முழு முகமும் அடங்கும். பெரிதில் அல்ல, சிறிதில்தான் தெரியும். கண்ணுக்கு டாக்டர் சொன்னதைப் படத்துக்கென்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு வாரம் போயிற்று. அவள் கண்ணுக்கு வாரங்கள் அதிகம் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாட்டுப்பட்டி ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. பூசைக்கு நடந்தே போனோம். குடை திரும்பிக்கொண்டது.

அப்பா ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையரில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்த சூசை மாமாவைக் கேட்கலாம் என்று பாக்கியம் மதினிதான் யோசனை சொன்னாள். தேயிலைத் தூசிக்கு மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டுதான் ஃபேக்டரியில் நிற்பார்கள். வெளியே தெரிவது கண் மட்டும்தான். அப்பாவின் கண்ணை வருஷக்கணக்காகப் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ரிட்டயர் ஆகி சங்கரன்கோவில் பக்கம் மகளோடு இருக்கிறார். நம்பர் தேடி வாங்கினேன்.

மகள்தான் எடுத்தாள். “அப்பா தவக்காலத்துல தவறிட்டாகளே அக்கா, ஒங்களுக்குச் சொல்லலையா யாரும்?”

வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலத்தில் நான் ப.2 வரைந்துகொண்டிருந்தேன். அக்கா கண்ணுக்கு மீசை வைத்துக்கொண்டு. அப்போது ஒரு போன் போட்டிருக்கலாம். எனக்கு எப்போதும் படம் கெட்ட பிறகுதான் ஆளைக் கேட்கத் தோன்றுகிறது.

ஜூலை 25, வெள்ளி

பலத்த மழை. கலெக்டர் அவதி விட்டார், பள்ளிக்கூடம் லீவு. அங்கன்வாடியும் இல்லை. இவர் டியூட்டியில்.

அடுப்புப் பக்கத்தில் அம்மாவும் நானும். பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கை அளவில் ஏழு எட்டுப் பலகை அறுத்து வைத்திருக்கிறேன், ஒன்றிலும் கை வைக்கவில்லை. இன்று கேட்டுவிட்டேன்.

“அம்மா, ஒவ்வொண்ணையும் இது இல்ல, இது இல்லங்க. அப்ப எதுன்னு சொல்லு. பெரிய கண்ணா, சின்னதா? உள்ள போயிருக்குமா? பாக்கும்போது எப்பிடிப் பாப்பாக?”

பயறு உடைத்துக்கொண்டே இருந்தாள். கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

“தெரிஞ்சாச் சொல்ல மாட்டேனா?”

“என்னம்மா சொல்லுத?”

“எனக்குத் தெரியாதுட்டி. இது அவுக கண்ணு இல்லன்னு தெரியும். எதுன்னு தெரியாது.”

அவளே சொன்னாள்.

“அவுகளுக்கு டிரையர்ல எப்பவும் நைட்டு. சம்பளம் கொஞ்சம் கூடன்னு நைட்டே கேட்டு வாங்கிக்கிடுவாக. எனக்குக் கொழுந்து பறிக்கிற வேல. நா விடியக்கால பேரு குடுக்க மஸ்டருக்குப் போவும்போது அவுக வருவாக, பாதையில பாத்துக்கிடுவோம், அதுவும் இருட்டு. கஞ்சி எங்க இருக்கு, பிள்ளைக்கி மருந்து குடுத்தாச்சு, இம்புட்டுத்தான் பேச்சு. நா சாயங்காலம் வந்தா அவுக கெளம்பிட்டு நிப்பாக.”

“ஞாயித்துக்கெழம?”

“ஞாயித்துக்கெழம கோயில்ல ஆம்பளைக அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். வந்து சோறு தின்னா அவுகளுக்கு ஒறக்கம் வந்துரும், பாவம். மொகத்தப் பாத்து ஒக்காந்து பேசுறதெல்லாம் இப்பத்தைக்கி உள்ள பழக்கம். அப்ப யாரு பாத்தா?”

ஏழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் அந்தக் கண்ணைத் தெரியாது. இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

“இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

“நீ ஆசையா வரையுத. பொண்டாட்டிக்கே புருசன் கண்ணு தெரியலன்னா கேக்குறவளுக சிரிக்க மாட்டாளுகளா.”

அப்போதுதான் புத்தி வந்தது. ஆறு பலகைகளைக் கெடுத்த பிறகு. “அப்ப ஒனக்கு எந்த மொகம் தெரியும்?” என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது. “தூங்குற மொகம். மத்தியானம் கஞ்சிக்கு லயத்துக்கு வருவோம்லா, அப்ப உள்ள எட்டிப் பாப்பேன். செவருக்கு முதுகக் குடுத்து ஒருச்சாச்சுப் படுத்திருப்பாக. இந்தக் கைய மடக்கிக் கன்னத்துக்கு அடியில. வாயி ஒரு பக்கமா கொஞ்சம் தொறந்திருக்கும். நகத்துல எல்லாம் தேயிலக் கற. கஞ்சி ஆறுத வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போவேன். வேற எப்பப் பாக்க?”

முதலில் உடைத்துப் போட்ட பயறு அடுப்பில் பொங்க ஆரம்பித்துவிட்டது. எழுந்து கிண்டப் போனேன்.

யார் யாருக்கோ கண் திறக்கப் பழகியதால், மூடிய கண் என்றால் செத்த கண் என்றே எனக்குப் பழகிப்போயிருக்கிறது. தூங்குகிறவனும் கண்ணை மூடித்தான் இருப்பான் என்பது தோன்றவில்லை. முதல் நாளே, பெட்டிப் படத்தைத் தொடும் முன்பே, இவளிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருந்தால்.

ஜூலை 27, ஞாயிறு

செத்தவனுக்கும் தூங்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? வரையத் தெரியவில்லை. ப.7, ப.8 இரண்டுமே பிணம். அம்மாவிடம் காட்டவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இவர் படுத்தார். ஒருக்களித்துப் படுங்கள், கையைக் கன்னத்துக்கு அடியில் வையுங்கள் என்றேன். “என்னளா, ஒழுங்காத் தூங்கவும் விடமாட்டியா” என்றார். ஆனாலும் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

பார்த்தது:
இமைக்கு அடியில் விழி உருண்டையாகத் தெரிகிறது. செத்தவனுக்கு அது உள்ளே இறங்கிவிடும்.
கை அழுத்துவதால் ஒரு கன்னம் மேலே ஏறி, கண்ணின் ஓரத்தில் மடிப்பு. அந்த மடிப்பில்தான் உயிர் இருக்கிறது.
கீழுதடு ஈரம்.
கழுத்து தளர்ந்திருக்கிறது, ஆனால் தலையின் பாரம் தலையணையில் குழி விழவைக்கிறது.

திடீரென்று விழித்துப் பார்த்தார். “என்ன இப்பிடிப் பாக்குத? மூச்சு நின்னு போச்சான்னு பாக்கியா?”

“படத்துக்கு.”

“நல்ல வேள” என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவர் கண் என்ன நிறம்? அந்த ஒரு நொடி விழித்தபோது பார்த்தேன். தேன் நிறம், ஓரத்தில் ஒரு பச்சை வளையம். இருபது வருஷமாக எனக்கு இது தெரியாது. அம்மாவைச் சொல்ல வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ப.9. வந்துவிட்டது.

உள்ளங்கை அளவு. சுவர், கம்பளி, கை, கன்னத்தின் மடிப்பு, கொஞ்சம் திறந்த வாய். நகத்தில் கறை. மேலே இருந்து மத்தியான வெளிச்சம். பெட்டிப் படத்தை ஒரு தடவைதான் பார்த்தேன், காதுக்கும் தாடைக்கும். மீதி அம்மா சொன்னது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, கேலி செய்யாமல், “மாமா அசந்து தூங்குறாரு” என்றார். கேலி செய்யாததே பெரிய சர்ட்டிபிக்கெட்.

அம்மா கையை நீட்டினாள். “குடு, பாக்கேன்.”

“ஈரம்மா. கை பட்டா அழிஞ்சிரும். ரெண்டு நாள் காயட்டும்.”

“காட்டவாவது செய்யி.”

“கம்பளி மடிப்புல கொஞ்சம் வேல இருக்கு. முடிச்சுட்டு முழுசாக் காட்டுதேன்.”

“சரி.”

அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். இந்த மூடுபனியில் எண்ணெய்ச் சாயம் காய்வதற்குள் விடிந்துவிடும்.

ஆகஸ்ட் 6, புதன்

காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அம்மா கேட்டாள். நாளைக்கு என்றேன். மழை. பிள்ளைகளுக்குச் சளி, ஆறு பேர் வரவில்லை.

கம்பளி மடிப்பு முடிந்தது. தலையணைக் குழியில் ஒரு நிழல் வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் சாயா போட்டுக்கொண்டிருந்தேன். மழை இல்லை, நல்ல வெளிச்சம், கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “கரண்டு போச்சாட்டி? வெளக்கப் பொருத்து” என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். மேலே எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதுரை போய் வந்தோம். பூப்பாறை வழியாக, போடியில் இறங்கி அக்காவையும் கூட்டிக்கொண்டு. டாக்டர் நல்லவர், மெதுவாகப் பேசினார். கொஞ்ச நாளாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது, அம்மா சொல்லாமல் சமாளித்திருக்கிறார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலி வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கொஞ்ச நாளாகவே. “குடு, பாக்கேன்” என்று அவள் கையை நீட்டியபோது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

படத்தை நான் கையில் பிடித்துக் காட்டியிருக்கலாம். அவள் தொட வேண்டியதே இல்லை. ஈரத்தோடு, முடியாத மடிப்போடு, தலையணைக் குழி இல்லாமல் காட்டியிருக்கலாம். அவளுக்கா கம்பளியின் மடிப்பு வேண்டியிருந்தது? எனக்குத்தான் வேண்டியிருந்தது. இதுவரை கெட்டதெல்லாம் தெரியாமல் கெட்டது. இந்த ஒன்பதாவது மட்டும் நன்றாக வந்து கெட்டது. இதற்கு என்ன பாடம் எழுதி என்ன.

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். மலை ஏறும் கேப் ரோட்டில் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை, எனக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அக்கா வீடு மந்திரிப்பு. இவர் மட்டும் போய் வந்தார். அம்மா வரவில்லை என்றாள், நானும் நின்றுவிட்டேன்.

ஹாலில் சேவியர் செய்த வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்களாம். எல்லாரும் மெச்சினார்களாம். அக்கா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “கோவிச்சுக்கிடாதட்டி. தூங்குற படத்த ஹால்ல மாட்டுனா, வாறவுக செத்த படம்னுல்லா நெனப்பாக.” கோபமில்லை. அவள் சொல்வதும் சரிதான். அந்தப் படம் ஹாலுக்கு வரைந்ததில்லை.

அம்மா சாப்பிடுகிறாள், ஜெபமாலை சொல்கிறாள், சுவரைத் தடவிக்கொண்டு பின்பக்கம் போய் வருகிறாள். படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டால் தாங்குவேனா என்றிருந்தது. கேட்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். பூசைக்கு அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். மத்தியானம் மீன் குழம்பு. இவர் டிராக்டர் ரிப்பேர் என்று போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் உட்கார்ந்ததும் அம்மாவே கேட்டாள். “அது காஞ்சுருச்சா?”

காய்ந்துவிட்டது. எடுத்துவந்து கையில் கொடுத்தேன். விரலால் தடவினாள். சாயம் திட்டாக இருந்த இடத்தில் விரல் நின்று நின்று போயிற்று.

“இது என்ன?”

“கம்பளி.”

“இது?”

“கை. கன்னத்துக்கு அடியில.”

“எந்தக் கை?”

“வலது கை.”

“ம். சரிதான். வாயி?”

“கொஞ்சம் தொறந்திருக்கு. ஒரு பக்கமா.”

“செவரு?”

“நீலச் சுண்ணாம்பு. கீழ பேந்திருக்கு.”

“ஆமா, பேந்துதான் கெடக்கும். தொரைகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.” படத்தை மடியில் வைத்து அதன்மேல் கையைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. “நா அன்னைக்கே காட்டிருக்கணும்மா, ஈரத்தோட காட்டிருக்கணும், என் புத்தி” என்று பெரிதாக அழ ஆரம்பித்துவிட்டேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அம்மா என் வாய் இருந்த பக்கமாகக் கையை நீட்டினாள்.

“ஏட்டி, சத்தங் குடுக்காத. இப்பத்தான் படுத்தாக.”

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நாங்கள் மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தோம்.